வைரஸ் புரதம் சவ்வில் கொக்கி போடுவது எப்படி: புராஜெக்டாக எடுக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. காலையில் பஸ் பிடித்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போவேன். சாயங்காலம் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பில் எம்.எஸ்சி. புராஜெக்ட் வேலை. வைரஸ் புரதத்தின் வடிவம் அதைச் சவ்வில், அதாவது செல்லையும் சில வைரஸ்களையும் சுற்றியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தில், எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் தலைப்பு. லேப் வேண்டாம், வைரஸ் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும், ஐந்து மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பித்தான் எடுத்தேன். எட்டு மாதம் ஆனது. அதில் ஆறு வாரம் முழுக்க வீண், ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன், அவசரம் என்றால் அதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

புத்தகங்களில் 'நங்கூரம்' என்று போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கடல் இல்லை, நான் கொக்கி என்றே எழுதுகிறேன்.

1. முதல் நாளே காகித வேலை

புரதத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கல்லூரியில் மின்னஞ்சல் முகவரி கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். கணினியில் சவ்வு மாதிரி கட்டித்தரும் சார்ம்-கூயி தளத்தில் கணக்குத் திறக்கக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கொடுத்த முகவரி கேட்கிறார்கள், ஜிமெயிலை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் காத்திருந்து ஏமாந்தேன். கல்லூரி ஆபீசில் அந்த முகவரி என் கைக்கு வர இன்னும் இரண்டு வாரம். பணம் ஒன்றும் கட்டத் தேவையில்லை, நாள்தான் போகும்.

கூடவே வாங்க வேண்டியவை: துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட், கைடின் சம்மதக் கடிதம், அப்புறம் 'உயிருள்ள வைரஸ் எதையும் கையாளவில்லை, கணினி ஆய்வு மட்டுமே' என்று ஒரு பக்க உறுதிமொழி. மூன்றாவதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தலைப்பில் நிப்பா என்ற சொல் இருந்தாலே ஆபீசில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா பரவியது இந்தப் பக்கம் யாருக்கும் மறக்கவில்லை. எங்கள் அம்மாயியே "ஏங்கண்ணு, அந்தக் கிருமியவா பையில வெச்சுட்டுப் பஸ்ல போற?" என்று கேட்டார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நாம் எடுத்துப் போவது அந்த எழுத்து வரிசை மட்டும்தான், அதில் தொற்ற ஒன்றும் இல்லை.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கேரளத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவார்கள், தமிழ்நாட்டில் முன்னால். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, கல்லூரி அடையாள அட்டையில் வேறு மாதிரி. புராஜெக்டின் முதல் பக்கம், கைடு சான்றிதழ், போனஃபைட் மூன்றிலும் பல்கலைக்கழகப் பதிவில் இருக்கிற மாதிரியே பெயர் இருக்கட்டும். எனக்குப் பைண்டிங் முடிந்த பிறகு தெரிந்தது, மூன்று பிரதிகளைப் பிரித்து மறுபடி கட்டினேன்.

2. கொக்கி எந்த ரகம் என்று முடிவு செய்யுங்கள்

'கொரோனா ஸ்பைக் எடுக்கிறேன்', 'டெங்கு எடுக்கிறேன்' என்று வைரஸ் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். முதலில் கொக்கியின் ரகம். அதை வைத்துத்தான் பின்னால் எந்த மென்பொருள், எத்தனை நாள், எந்தக் கொழுப்பு என்பதெல்லாம் முடிவாகும்.

சவ்வை ஊடுருவி நிற்கும் ஹெலிக்ஸ், அதாவது ஸ்பிரிங் மாதிரி சுருண்ட துண்டு, ஒரு ரகம். சவ்வின் நடுவே இருக்கும் எண்ணெய்ப் பகுதி சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவில் நீளம் அளக்கும் அலகு) தடிமன். ஹெலிக்ஸில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம் கூட்டும். வகுத்துப் பாருங்கள், 20 வரும். தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் இருபது சேர்ந்தாற்போல் வந்தால் அங்கே சந்தேகப்படலாம். நிப்பாவில் இந்த ரகமே இரண்டு விதமாக இருக்கிறது: எஃப் புரதம் வரிசை முடியும் வால் பக்கத்தால் சவ்வைப் பிடிக்கிறது, ஜி புரதம் வரிசை தொடங்கும் தலைப் பக்கத்தால். ஒரே வைரஸ், இரண்டு புரதமும் எதிரெதிர் நுனியில் தொங்குகின்றன.

இரண்டாவது, கொழுப்பு வால். எச்.ஐ.வி.யின் மேட்ரிக்ஸ் புரதம் சவ்வை ஊடுருவுவதே இல்லை. அதன் தொடக்கத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் நீக்கப்பட்டு, அடுத்ததான கிளைசினில் 14 கார்பன் நீளமுள்ள மிரிஸ்டேட் என்ற கொழுப்பு ஒட்டப்படுகிறது. அது சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரு வால் மட்டும் பிடித்து நிறுத்தப் போதாது, பக்கத்திலேயே பாசிட்டிவ் மின்னூட்டமுள்ள ஒரு திட்டு வேண்டும். செல் சவ்வின் உள்பக்க அடுக்கில் நெகட்டிவ் கொழுப்புகள் அதிகம், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வரிசையில் 18ஆவது முதல் 32ஆவது வரை பென்சிலால் எண்ணிப் பாருங்கள். பதினைந்தில் எட்டு லைசின் அல்லது ஆர்ஜினின், இரண்டுமே பாசிட்டிவ்.

மூன்றாவது, நுனியை மட்டும் முக்குவது. டெங்குவின் ஈ புரதம். இதற்கு இரண்டு பிடி உண்டு என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கேதான் பாதிப்பேர் குழம்புகிறார்கள். வால் பக்கத்து ஹெலிக்ஸ்கள் வைரஸின் சொந்தச் சவ்வில் ஊன்றியிருக்கும். எதிர் நுனியில் இருக்கும் ஃபியூஷன் லூப் என்ற சின்ன வளைவு நம் செல்லின் சவ்வைப் பிடிக்கும். செல்லுக்குள் வைரஸை விழுங்கிய பையான எண்டோசோமில் அமிலத்தன்மை கூடும்போது மூன்று ஈ புரதங்கள் சேர்ந்து நிமிர்கின்றன, மூன்று நுனிகளும் ஒரே பக்கம் நீட்டி நிற்கின்றன. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி விடுவோமே, அதைப் பார்த்திருந்தால் வேறு படம் வேண்டாம். ஒவ்வொரு நுனியிலும் 101ஆவது டிரிப்டோபேன், 107ஆவது லூசின், 108ஆவது ஃபினைல்அலனின். ஆழமாகப் போவதில்லை, சவ்வின் வெளி அடுக்கில் கொஞ்சம் முங்கும், அவ்வளவுதான்.

நாலாவது ரகம், சவ்வின் மேல் படுத்துக் கிடக்கும் ஹெலிக்ஸ், ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் தண்ணீர். இன்ஃபுளுயன்சாவின் எம்2 புரதத்தில் ஊடுருவும் ஹெலிக்ஸ் முடிந்ததும் இது வரும். இதற்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு என் யோசனை எச்.ஐ.வி. மேட்ரிக்ஸ்தான். 132 அமினோ அமிலம், சின்னது, பழைய லேப்டாப்பே தாங்கும், கேள்வியும் தெளிவானது. ஸ்பைக் 1273. பேருக்காக எடுத்துவிட்டு அவதிப்படாதீர்கள்.

3. வரிசையை எடுப்பது

யூனிபுராட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பதிவுகூடத் தேவையில்லை. அரை மணி நேர வேலை. ஆனால் எண்ணில் தவறினால் அரை மாதம் போகும்.

டெங்கு தன் புரதங்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து பிறகு வெட்டிக்கொள்கிறது. ஆகவே தளத்தில் நீங்கள் பார்ப்பது 3391 அமினோ அமிலம் கொண்ட முழுச் சங்கிலி. டெங்கு 2இல் ஈ புரதம் அதில் 281இல் தொடங்கி 775இல் முடிகிறது. கட்டுரைகளில் '101ஆவது டிரிப்டோபேன்' என்றால் ஈ புரதத்தின் 101. முழுச் சங்கிலியில் அது 381. என் தோழி ஒருத்தி முழுச் சங்கிலியின் 101இல் போய்த் தேடி, அங்கே டிரிப்டோபேன் இல்லையே, கட்டுரை தப்பு என்று கைடிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

எச்.ஐ.வி.யிலும் ஒரு சின்னச் சிக்கல். நீக்கப்படும் மெத்தியோனினையும் யூனிபுராட்டில் 1 என்று எண்ணுவார்கள், அதனால் கொழுப்பு ஏறும் கிளைசின் 2. சில கட்டுரைகளில் அதே கிளைசினை 1 என்று எண்ணியிருப்பார்கள். மேலே நான் சொன்ன 18, 32 எல்லாம் யூனிபுராட் கணக்கு. நோட்டின் முதல் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

4. ஃபைலில் என்ன இல்லை என்று பாருங்கள்

என் ஆறு வாரம் போன இடம் இது.

நான் முதலில் எடுத்தது கொரோனா ஸ்பைக்கின் முதல் வடிவங்களில் ஒன்று, 2020இல் வந்த 6விஎஸ்பி (6VSB). புரத வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் ஒவ்வொரு வடிவ ஃபைலுக்கும் இப்படி ஒரு எண் இருக்கும். அழகான ஃபைல். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், கலர் அடித்தேன், விளக்கப்படம் பதினைந்து தயாரித்தேன். இடைக்கால ரிவ்யூவில் ஒரு மேடம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதில் சவ்வு எந்தப் பக்கம்?" என்றார். நான் கீழ்ப் பக்கத்தைக் காட்டினேன். "அங்கே கொக்கியைக் காட்டு" என்றார். தேடினேன். இல்லை. அந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதற்காகச் செய்த புரதமே 1208இல் முடிகிறது, ஸ்பைக்கில் சேர்ந்திருக்கும் மூன்று பிரதிகளும் பிரியாமல் இருக்க அதன் பின்னால் வேறொரு புரதத்தின் சிறு துண்டை ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பைக்கின் சவ்வுப் பகுதி தொடங்குவது 1214ஐ ஒட்டி. ஆறே எழுத்து தள்ளி! நான் ஆராய வேண்டிய பகுதி மட்டும் இல்லாத ஃபைலை ஆறு வாரம் ஆராய்ந்திருக்கிறேன்.

அவர்கள் தப்பாகச் செய்யவில்லை. எண்ணெய்ப் பகுதியோடு ஒரு புரதத்தைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும். அதனால் பெரும்பாலும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வடிவம் பார்க்கிறார்கள். இன்ஃபுளுயன்சாவின் ஹீமக்ளுட்டினின் வடிவம் 1981இல் வந்தபோதும் அப்படித்தான், புரோமலைன் என்ற நொதியால் கொக்கியைவிட்டு வெட்டி எடுத்தார்கள். புரோமலைன் அன்னாசித் தண்டிலிருந்து எடுப்பது. கேரளத்தில் இருந்துகொண்டு இதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே எந்த ஃபைலை இறக்கினாலும் படத்தைத் திறக்கும் முன் டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். தொடக்கத்தில் ரிமார்க் 465 என்று ஒரு பட்டியல் இருந்தால், அது புரதத்தில் இருந்தும் வடிவத்தில் தெரியாமல் போன அமினோ அமிலங்களின் பட்டியல். செக்ரெஸ் என்று தொடங்கும் வரிகள் அவர்கள் உண்மையில் செய்த புரதத்தின் வரிசை. இந்த இரண்டையும் யூனிபுராட் வரிசைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கால் மணி நேரம் ஆகும். வெட்டு எங்கே, ஒட்டு எங்கே, ஓட்டை எங்கே என்று மூன்றும் தெரிந்துவிடும்.

வெட்டு இருந்தால் ஃபைல் பயனில்லை என்றும் இல்லை. டெங்கு ஈ புரதம் சவ்வைப் பிடித்த பிறகு எப்படி இருக்கும் என்று காட்டும் 1ஓகே8 ஃபைலில் வால் பக்கக் கொக்கி கிடையாது. ஆனால் உங்கள் கேள்வி ஃபியூஷன் லூப் பற்றியது என்றால் அந்த நுனி முழுசாக இருக்கிறது, தாராளமாக எடுக்கலாம். வால் கொக்கியும் சேர்த்து வேண்டுமென்றால் 2013இல் வந்த முழு வைரஸின் கிரையோ மின்னணு நுண்ணோக்கி வடிவம், 3ஜே27.

எச்.ஐ.வி. மேட்ரிக்ஸில் பொறி வேறு மாதிரி. 1எச்ஐடபிள்யூ ஃபைலில் எழுத்து இருக்கும், கொழுப்பு இருக்காது. அதை பாக்டீரியாவில் செய்தார்கள், கிளைசினில் மிரிஸ்டேட் ஒட்டும் நொதி பாக்டீரியாவில் இல்லை. மிரிஸ்டேட் உள்ள வடிவம் 1யுபிஎச் (1UPH). வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் கணித்துக்கொள்ளலாமே என்பீர்கள். வெறும் வரிசையைக் கொடுத்தால் அது கொழுப்பு வாலையும் போடாது, சவ்வு எங்கே என்றும் சொல்லாது.

5. எழுத்து வரிசையில் எண்ணெய் தேடுவது

புராட்ஸ்கேல் தளத்தில் வரிசையை ஒட்டி, ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு எண்ணெய்த்தன்மை என்று மதிப்புக் கொடுக்கும் கைட்–டூலிட்டில் அளவுகோலைத் தேர்ந்து, ஜன்னல் அளவை (ஒரு நேரத்தில் எத்தனை எழுத்துக்குச் சராசரி எடுப்பது என்பதை) 19 ஆக மாற்றுங்கள். தானாக வருவது 9, அதை அப்படியே விட்டால் படம் முழுக்க முள்முள்ளாக இருக்கும். 1.6க்கு மேல் ஏறும் மேடு ஊடுருவும் ஹெலிக்ஸாக இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்பைக்கின் 1214 முதல் 1234 வரை நான் கையால் கூட்டிப் பார்த்தேன், சராசரி 2.3 வந்தது.

இதில் இரண்டு பொறி. ஒன்று, புரதத்தின் தொடக்கத்தில் வரும், அது போக வேண்டிய இடத்தைக் காட்டும் சிக்னல் பெப்டைடும் எண்ணெய்தான், அதுவும் மேடாகத் தெரியும். பிறகு வெட்டி நீக்கப்படுவதால் அது கொக்கி ஆகாது. நிப்பா எஃப் புரதத்தின் தொடக்கத்தில் இருப்பது சிக்னல், ஜி புரதத்தின் தொடக்கத்தில் இருப்பது உண்மையான கொக்கி. இரண்டையும் பிரித்துச் சொல்ல டீப்டிஎம்எச்எம்எம் தளத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள், சில நிமிட வேலை.

இரண்டாவது, இந்த அளவுகோலுக்கு எல்லாக் கொக்கியும் தெரியாது. டெங்கு ஃபியூஷன் லூப்பின் 98 முதல் 111 வரை சராசரி எடுத்தால் மைனஸ் 0.7 வருகிறது! பள்ளம். அந்த வட்டாரத்தில் எண்ணெயே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். காரணம், லூப் சின்னது, அதைச் சுற்றி மின்னூட்டமுள்ளவை நிறைய, அப்புறம் டிரிப்டோபேனுக்கு கைட்–டூலிட்டில் கொடுக்கும் மதிப்பே மைனஸ் 0.9. ஆனால் சவ்வின் ஓரத்தில், தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் உட்கார டிரிப்டோபேனைப் போல விரும்புவது வேறொன்றும் இல்லை. அதற்கென்று விம்லி–ஒயிட் அளவுகோல் தனியாக இருக்கிறது. நுனி முக்கும் ரகத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். மேட்ரிக்ஸின் கொழுப்பு வால் எந்த அளவுகோலிலும் தெரியாது, அது எழுத்திலேயே இல்லையே.

6. சவ்வில் பொருத்துவது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓபிஎம் தளத்தில் முதலில் தேடுங்கள், உங்கள் ஃபைலை ஏற்கெனவே சவ்வில் பொருத்தி வைத்திருந்தால் வேலை மிச்சம். இல்லையென்றால் அங்கேயே பிபிஎம் சர்வரில் ஃபைலை ஏற்றலாம். எவ்வளவு ஆழம், எவ்வளவு சாய்வு, சவ்வுக்குப் போனால் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்று கொடுக்கும். தொடக்க முனை சவ்வுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கும், நிப்பா ஜி போன்றவற்றில் இதை மாற்றிச் சொன்னால் புரதம் தலைகீழாக நிற்கும்.

திரும்பி வரும் ஃபைலில் சவ்வின் இரு விளிம்பையும் காட்ட டம்மி அணுக்கள் வரிசையாக இருக்கும். டியுஎம் என்று பெயர். படம் எடுக்க நன்றாக இருக்கும். அடுத்த படிக்குப் போகும்முன் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான குரோமேக்ஸ் 'இப்படி ஒரு பொருள் எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடும்.

7. ஓட்டிப் பார்ப்பது

புரதமும் சவ்வும் நேரம் போகப்போக எப்படி நகர்கின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது இந்தப் படி. இது எல்லாருக்கும் தேவையில்லை. கைடு கேட்காவிட்டால் ஆறாவது படியோடு நிறுத்திக்கொண்டு நன்றாக எழுதுங்கள், அதுவே போதும்.

ஓட்டுவதாக இருந்தால், சார்ம்-கூயியில் சவ்வு கட்டும்போது ஜாப் எண்ணை உடனே எழுதிவையுங்கள். பிரவுசர் மூடிப்போனால் அந்த எண்ணை வைத்துத்தான் மீட்க முடியும். மேட்ரிக்ஸுக்கு மிரிஸ்டேட் வாலை ஒட்ட அங்கேயே ஒரு தேர்வு இருக்கிறது, ஃபைலைப் படிக்கும் கட்டத்திலேயே வரும், தாண்டிவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும்.

கொழுப்பைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். பாடநூலில் எல்லாரும் பிஓபிசி என்ற கொழுப்பைப் போடுகிறார்கள் என்று நானும் அது மட்டும் போட்டேன். அதற்கு மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மேட்ரிக்ஸின் எட்டு பாசிட்டிவும் பிடிக்க அங்கே எதுவும் இல்லை, புரதம் சவ்வைவிட்டுத் தண்ணீரில் மிதந்துபோவதை நான் நாலு நாள் ஓட்டிக் கண்டுபிடித்தேன். எச்.ஐ.வி. ஒன்றுசேர்வது செல்லின் வெளிச்சவ்வின் உட்புற அடுக்கில். அங்கே பாஸ்பாடிடில்செரின் இருக்கிறது, மேட்ரிக்ஸ் தேடிப் பிடிக்கும் பிஐபி2 இருக்கிறது, இரண்டும் நெகட்டிவ் கொழுப்புகள். இரண்டையும் அந்த ஒரு அடுக்கில் மட்டும் சேருங்கள், வெளி அடுக்கில் வேண்டாம். டெங்கு என்றால் எண்டோசோம் அமிலத்தன்மை உள்ளது, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களில் புரோட்டான் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும், தானாக வரும் பிஎச் 7ஐ நம்ப வேண்டாம்.

என் லேப்டாப்பில் மேட்ரிக்ஸ் ஒரு நாளுக்கு மூன்று நானோசெகண்ட் ஓடியது. நூறு நானோசெகண்ட் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கரண்ட் இருந்தால். ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தென்னை மட்டை லைனில் விழுந்தால் ராத்திரி முழுக்க இருட்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் ஃபைல் எழுதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இரண்டு முறை முதலிலிருந்து ஓட்டினேன். கூகுள் கோலாபின் இலவச ஜிபியு வேகமானது, ஆனால் நடுவில் துண்டித்துவிடும், ஃபைல்களை டிரைவுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள்.

8. செலவும் நாளும்

மென்பொருள் எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. குரோமேக்ஸ் இலவசம், படம் பார்க்கும் கைமெரா-எக்ஸ் படிப்புக்கு இலவசம். யாராவது 'வைரஸ் புராஜெக்ட் முடித்துத் தருகிறோம்' என்று பத்தாயிரம் கேட்டால் ஓடிவிடுங்கள், அவர்களும் இதே இலவசத் தளங்களில்தான் செய்கிறார்கள், வைவாவில் பதில் சொல்லப்போவது நீங்கள். எனக்கு ஆனது கூடுதல் டேட்டாவுக்கு ஆறு மாதத்தில் 1,800 ரூபாய், வெளி ஹார்ட் டிஸ்க், கலர்ப் பிரிண்ட், மேலே சொன்ன இரண்டாம் முறை பைண்டிங். எல்லாம் சேர்த்து 9,000க்குள்.

நாள்: காகித வேலைக்கு மூன்று வாரம், இரண்டு முதல் நாலாவது படி வரை இரண்டு வாரம், ஐந்தும் ஆறும் ஒரு வாரம், ஓட்டுவதற்கு இரண்டு மாதம், எழுத ஒரு மாதம். எழுதுவதை ஓட்டும்போதே தொடங்கிவிடுங்கள்.

9. கொடுக்கும்முன்

கட்டுரையிலிருந்து படத்தை வெட்டி ஒட்டாதீர்கள், அதற்குப் பெரும்பாலும் பதிப்பகத்தின் அனுமதி வேண்டும். பிடிபி ஃபைலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதிலிருந்து படத்தை நீங்களே போட்டு, ஃபைல் எண்ணும் மூலக் கட்டுரையும் குறிப்பிட்டால் சரி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'இந்த வடிவத்தில் இத்தனையாவது எழுத்து முதல் இத்தனை வரை உள்ளது' என்று ஒரு வரி போடுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் என்னிடம் முதலில் அந்த வரியைத்தான் படித்தார். அடுத்த கேள்வி, 'சவ்வைப் பிடிக்கிறது என்கிறாயே, எந்தச் சவ்வு, யாருடையது, எந்தப் பக்கம்?' இதற்கு மூன்று பதிலையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள். மூல ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுக் கையில் வைத்திருங்கள். எங்கள் செட்டில் மூன்று பேரிடம் கேட்டார்கள், ஒருவரிடம்தான் இருந்தது.